நோனா வீட்டுப் பாத்திக்கட்டுக்கு நான் போட்ட பொலிஷ்

கூச்சமுள்ளவர்களால் யாருக்கும் தொந்தரவில்லை என்று ஒரு பேச்சு உண்டு. நம்பாதீர்கள். வாயாடி ஒருத்தி பிழை செய்தால் உடனே கத்தி நாலு பேரையாவது காப்பாற்றிவிடுவாள். கூச்சக்காரி பிழையையும் செய்துவிட்டு, அது நடந்து முடியும்வரை மரியாதையாகப் பார்த்துக்கொண்டு நிற்பாள். நான் நின்றிருக்கிறேன்.

சண்டைக் காலம். யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்து, கண்டிக்குப் பக்கத்தில் கெலிஓயாவில் ஒரு சிங்கள அம்மாவின் வீட்டுக்குப் பின்னால் இரண்டு அறைகளில் வாடகைக்கு இருந்தோம். நான், கணவர், எட்டு மாதக் கைக்குழந்தை. அந்த அம்மாவை ஊரே நோனா என்று கூப்பிட்டது, நாங்களும் அப்படியே. வடக்கிலிருந்து வந்தவர்கள் பொலிசில் பதிய வேண்டும். படிவத்தில் வீட்டுக்காரர் கையெழுத்து வைக்க வேண்டும். அது இல்லாததால் என் கணவரை இரண்டு தடவை பஸ்ஸிலிருந்து இறக்கிக் கொண்டுபோய்ப் பகல் முழுக்க இருத்தி வைத்திருந்தார்கள். மூன்றாம் தடவை பிடிபட்டால் அது பகலோடு முடியாது என்று சொல்லி அனுப்பினார்கள்.

நோனா படிவத்தை வாங்கி அலுமாரிக்குள் வைத்தார். "மஹத்தயாவின் வருடத் தானம் முடியட்டும், பார்ப்போம்," என்றார். (நோனா பேசியதெல்லாம் சிங்களம். எனக்கு விளங்கும், திருப்பிச் சொல்லத்தான் வாய் வராது. இங்கே தமிழில் எழுதுகிறேன்.)

அந்தப் 'பார்ப்போம்' எங்களைத் தூங்கவிடவில்லை.

மஹத்தயா என்பது நோனாவின் காலமான கணவர். அவர் நினைவாக வருடாவருடம் பிக்குகளை அழைத்துச் சாப்பாடு கொடுப்பதுதான் தானம். ரோட்டு வேலைகளுக்கு ஓவசியராக இருந்தவர். ஓய்வு பெற்றபின் வீட்டு முற்றத்துப் பூப்பாத்திகளைச் சுற்றித் தன் கையாலேயே சீமெந்துக் கட்டு போட்டிருந்தார். சிவப்புத் தூள் கலந்த சீமெந்து. ஈரமாக இருக்கும்போதே பலா இலைகளை வைத்து அழுத்தி, மேற்பக்கம் முழுக்க இலை இலையாகப் பதித்திருந்தார். அவர் போனபின் அது நிறம் மங்கிப் பாசி பிடித்துக் கிடந்தது. தானத்துக்கு முன் அதைப் புதிதாக்கிக் கொடுத்தால் நோனாவின் மனம் இளகும் என்று யோசனை சொன்னது நான்தான். வேறு யார்மீதும் பழி போட வழியில்லை.

ஹாட்வெயார் கடைக்காரர் அலவத்துகொட ஊர் முஸ்லிம் மனிதர்; அண்ணன் முறைக்கு நானா என்று கூப்பிடுவோம். கல்லுக்குப் பூசுகிற வார்னிஷ் டின்னை என் கையில் தந்துவிட்டு, விடாமல் பாடம் நடத்தினார்.

"தங்கச்சி, மொதல்ல பாசிய பிரஷ் போட்டுத் தேய்ங்க. மூணு நாள் வெயில்ல காயணும். பொறகு மெல்லிசா ரெண்டு கோட்டு. ஈரத்தோட அடிச்சா வெள்ள பூத்துரும். தடிப்பா அடிச்சா காயவே காயாது. வெளங்குதா?"

"விளங்குது நானா," என்றேன். விளங்கத்தான் செய்தது.

பாசியைத் தேய்த்து முடித்த அன்று மழை தொடங்கியது. நாலு நாள் விடவில்லை. தானத்துக்கு முதல் நாள் மத்தியானம்தான் வெயில் எறித்தது. கட்டைத் தொட்டுப் பார்த்தேன். மேலே காய்ந்திருந்தது. (உள்ளே ஒரு குளமே இருந்திருக்கும்.) பூசினேன். மினுக்கம் போதாது என்று இன்னொன்று பூசினேன். டின்னில் மிச்சம் வைத்து என்ன செய்வது என்று மூன்றாவது, நாலாவது.

விடிந்து பார்த்தால் கட்டு முழுக்கப் பால் ஊற்றியது போல வெளுத்திருந்தது.

"இஞ்சாருங்கோ, கட்டு வெள்ளை பூத்துட்டுது."

கணவர் குழந்தையோடு வந்து பார்த்தார். "திருநீறு பூசின மாதிரிக் கிடக்கு. இது புத்த சமய வீடப்பா."

"பகிடி விடாதேங்கோ."

"நான் பகிடி விடேல்லை. நீர் இப்ப என்ன செய்யப்போறீர்?"

அப்போதுதான் எங்கள் அறையில் இருந்த சிவப்பு பொலிஷ் என் கண்ணில் பட்டது. சீமெந்து நிலத்துக்குப் போடுவது. தேங்காய் மட்டையைக் காலுக்குக் கீழே வைத்துத் தேய்த்தால் நிலம் கண்ணாடியாகும். நிலமும் சீமெந்து, கட்டும் சீமெந்து. எனக்கு அவ்வளவுதான் படிப்பு. அரை டின்னை அப்பித் தேய்த்தேன். வெள்ளை மறைந்தது. கட்டு செக்கச் சிவந்து பளபளத்தது. இலைப் பள்ளங்களில் பொலிஷ் தடிப்பாக நின்றது; விரலால் தொட்டால் விரல் ஒட்டியது. ஆனால் கட்டைத் தொட்டுப் பார்க்க யார் வரப்போகிறார்கள்?

நோனா வந்து பார்த்தார். கண் கலங்கிவிட்டது. "மஹத்தயா இருந்த காலத்தில் இப்படித்தான் இருந்தது," என்றார். பிறகு, "நாளைக்கே பொலிசுக்குப் போவோம்," என்றார். அதற்குப் பிறகு ஒரு அரை மணித்தியாலம் நான் சந்தோஷமாக இருந்தேன்.

தானத்துக்கு வருபவர்கள் வெள்ளைதான் உடுத்துவார்கள் என்பது எனக்குத் தெரியாததல்ல. யோசிக்கவில்லை. ஆட்கள் வரத் தொடங்கினார்கள்: வெள்ளைச் சேலை, வெள்ளைச் சாரம், வெள்ளைச் சட்டை. கதிரைகள் போதவில்லை. நோனா கையைக் கட்டுப் பக்கம் காட்டி, "வாடிவென்ன, வாடிவென்ன," என்று எல்லோரையும் இருக்கச் சொன்னார். அகலமான கட்டு, இருப்பதற்கென்றே செய்தது போல.

முதலில் அதன்மேல் போய் இருந்தவர் பொலிஸ் சார்ஜன். மஹத்தயாவின் சிநேகிதர். எங்கள் படிவம் போய்ச் சேரவேண்டிய மேசை அவருடையது.

'எப்பா' என்று ஒரு சொல் சொன்னால் போதும். 'வேண்டாம்' என்று அர்த்தம். அந்தச் சொல் எனக்குத் தெரியும். பதிவில்லாத தமிழ்ப் பெண் ஒருத்தி, அத்தனை பேருக்கு முன்னால், பொலிஸ்காரரைப் பார்த்து 'இருக்காதே' என்பதா? கிட்டப் போய் நின்றேன். சிரித்தேன். அவரும் சிரித்து, எனக்கு இடம்விட்டுக் கொஞ்சம் தள்ளி இருந்தார். அதாவது இன்னும் ஒரு முழம் பொலிஷைத் துடைத்துக்கொண்டார்.

குசினிப் பக்கம் நின்ற கணவரிடம் ஓடினேன்.

"நீங்கள் போய்ச் சொல்லுங்கோ."

"நீர்தானே பூசினீர், நீர் சொல்லும்."

"எனக்குச் சிங்களம் வராது."

"எனக்குப் பயம் வருது."

நாங்கள் இப்படி வழக்காடி முடிப்பதற்குள் கட்டின்மேல் இடம் மிச்சமில்லை. வாசலில் மேளச் சத்தம் கேட்டது. பிக்குகள் வந்துவிட்டார்கள். எல்லோரும் ஒன்றாக எழும்பினார்கள். பிளாஸ்டர் உரிப்பது போல ஒரு சத்தம், கட்டின் இந்தத் தொங்கலிலிருந்து அந்தத் தொங்கல்வரை. பிறகு எல்லோரும் வாசலைப் பார்த்துக் குனிந்து கும்பிட்டார்கள்.

நான் பின்னால் நின்றேன். ஒவ்வொரு வெள்ளைத் துணியின் பின்பக்கத்திலும் சிவப்பாக ஒரு பலா இலை. சிலருக்கு இரண்டு. நரம்புகூடத் தெளிவாக விழுந்திருந்தது. மெழுகு வைத்துச் சாயம் போடுகிற கண்டி பத்திக் கடைகளில் அவ்வளவு சுத்தமான வேலை பார்த்ததில்லை.

பின்வரிசையில் ஒரு வயதான அம்மா முன்னால் நின்றவரைப் பார்த்துவிட்டு, "லே," என்றார். இரத்தம் என்று அர்த்தம். அந்த வருடங்களில் வெள்ளைத் துணியில் சிவப்பைக் கண்டால் யாருக்கும் பொலிஷ் நினைவு வராது. ஒருத்தி தன் பிள்ளையைத் தூக்கித் தடவிப் பார்த்தாள். சார்ஜனின் கை பழக்கத்தில் துவக்கைத் தேடி இடுப்புக்குப் பின்னால் போனது. போன கை சிவப்பாகத் திரும்பி வந்தது. அவர் அதை முகர்ந்து பார்த்தார்.

"யார் பூசினது?"

நோனா என்னைப் பார்க்காமல் நிலத்தைப் பார்த்தார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"மம," என்றேன். நான்தான். பொது இடத்தில் நான் வாய்திறந்து பேசிய முதல் சிங்களச் சொல் அது.

தானம் நடந்தது. பெரிய பிக்கு நிலையாமையைப் பற்றிப் போதித்தார். அந்தச் சிவப்புக்கு மட்டும் அது பொருந்தவில்லை. எந்தச் சவர்க்காரத்துக்கும் போகவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன். அன்று பின்னேரமே கணவர் சூட்கேஸை இறக்கித் தூசி தட்டினார். போவதற்கு ஒரு இடமும் இல்லை. ஆனாலும் தட்டினார்.

அடுத்த நாள் காலை நோனா கையெழுத்து வைத்த படிவத்தை எடுத்துக்கொண்டு முன்னே நடந்தார். நாங்கள் பிள்ளையோடு பின்னே போனோம். சார்ஜன் படிவத்தை மேலும் கீழும் பார்த்தார். "இவர்களை உங்களுக்கு நன்றாகத் தெரியுமா?" என்று நோனாவிடம் கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான்.

"உங்களுக்குத் தெரியாதா?" என்றார் நோனா.

சார்ஜன் முத்திரையை எடுத்துக் குத்தினார். அதற்குப் பிறகு பொலிஸ்காரர் தேடுதலுக்கு வரும்போதெல்லாம், "இது அந்தப் பொலிஷ் பிள்ளையின் வீடு," என்று ரோட்டில் யாராவது சொல்லுவார்கள்; அவர்களும் போய்விடுவார்கள். யார் கண்ணிலும் படாமல் இருக்க நினைத்த என்னை, கடைசியில் தெரியாதவர் ஒருவரும் இல்லை.

கட்டைச் சுத்தமாக்க இரண்டு மாதம் பிடித்தது. தின்னர் ஊற்றிக் கம்பி பிரஷால் சுரண்டினேன். சிவப்பு போன இடங்களில் சில இலைகளும் சேர்ந்து போய்விட்டன. ஒருநாள் நோனா வந்து, வழுக்கலாகிப் போன ஒரு இடத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு உள்ளே போனார். இந்தக் கதையை வீட்டில் எத்தனை தரம் சொன்னாலும், இந்த இடத்தை மட்டும் நான் சொல்வதில்லை.

அன்று கையில் இருந்த குழந்தைக்குப் போன வருடம் கண்டியில் கலியாணம். நோனா வெள்ளைச் சேலையில் வந்தார். கதிரை கொண்டுவந்து போட்டேன். அவர் உடனே இருக்கவில்லை. கதிரையை உள்ளங்கையால் தடவினார், கையைத் திருப்பிப் பார்த்தார், எனக்கும் காட்டினார், பிறகு இருந்தார். என் கணவர் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. மகளும் மேடையில் தன் கதிரையை அப்படியே தடவிப் பார்த்துவிட்டுத்தான் இருந்தாள்.

இதையெல்லாம் கவனித்துக்கொண்டிருந்த சம்பந்தி அம்மா, இது எங்கள் பக்கத்துச் சம்பிரதாயம் என்று நினைத்துவிட்டார் போல. மிகுந்த பக்தியோடு தன் கதிரையைத் தடவி, உள்ளங்கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்ட பிறகுதான் இருந்தார். அது அப்படியில்லை என்று அவருக்குச் சொல்ல வேண்டும். எனக்கு இன்னும் வாய் வரவில்லை.