நீ ஏறாமல் உன் பிள்ளைகள் ஏற மாட்டார்களாம்

என்னோடு பேசாத தங்கைக்கு,

உன் அக்கா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய். வாயைத் திறக்காதவர்களுக்குத் தொண்டை வலிகூட வராது.

காரியமாகத்தான் எழுதுகிறேன், உறவு கொண்டாட இல்லை. என் பெரியவன் நம் சொந்தபந்தம் மொத்தத்தையும் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறான். யாருக்கு யார் பிள்ளை, எந்த வீடு, என்ன போன் நம்பர், எல்லாம். டைரக்டரி சர்வர் என்று அதற்குப் பேர். யார் எங்கிருந்து தேடினாலும் ஆளைக் காட்டிக்கொடுக்குமாம். எனக்குத்தான் ஒன்றும் மறக்காதே, நான் சொல்லச் சொல்ல அவன் அடித்துக்கொண்டே வந்தான். உன் முறை வந்ததும் உன்னைத் தாண்டிக்கொண்டு உன் மூன்று பிள்ளைகளை மட்டும் சொன்னேன். பின்னே? என் மரப்பிடிக் குடையை மழைக்கு வாங்கிப் போய், திருப்பிக் கேட்டபோது இது என்னோடது என்று நாலு பேர் நடுவில் சொன்னவள்தானே நீ. அப்புறம் அவன் கறுப்புத் திரையில் ஒரே ஒரு வரிக் கட்டளை அடித்து என்டரைத் தட்டினான். குடும்பமே கடகடவென்று ஏறியது, உன் மூத்தவளிடம் வந்ததும் நின்றுவிட்டது.

"மேலே சித்தி இல்லாம கீழே பிள்ளைங்க ஏறாதும்மா" என்றான். இந்த வீட்டில் என்னைவிட ரோஷக்காரி அந்த மிஷின்தான். சரி, மூன்றையும் என் பேருக்குக் கீழே போட்டுவிடு என்றேன். நான் இடுப்பில் சுமக்காத பிள்ளைகளா?

"போடலாம். ஆனா தேடிப் பாக்கிறவங்க, சித்தி போய்ச் சேர்ந்துட்டாங்கன்னு நினைச்சுக்குவாங்க."

வாயைக் கழுவிட்டு வாடா என்று எழுந்து போய்விட்டேன். அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

ஆகவே உன் விலாசமும் போன் நம்பரும் எழுதி அனுப்பு, அது போதும். நேரில் வர வேண்டாம். ஜன்னலோரக் கட்டிலில் இப்போது துணி அடுக்கி வைத்திருக்கிறோம், இரண்டு பேர் படுத்துப் பேச இடமில்லை. நீ திரும்பிப் படுத்துச் சிரிப்பை அடக்குவாயே, அந்தச் சுவருக்கும் வேறு சாயம் அடித்தாகிவிட்டது.

பிள்ளைகளுக்குப் பெரியம்மாவின் ஆசி. உனக்கு என்ன எழுதுவதென்று தெரியவில்லை. சளி பிடிக்காமல் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
இன்னும் கோபம் தீராத அக்கா

பின்குறிப்பு: விலாசம், நம்பர் ஒன்றும் அனுப்பாதே. எனக்குத் தெரியாதா? நானே சொல்லி, நேற்றே உன்னை ஏற்றியாயிற்று. பின்னாலேயே மூன்றும் ஏறிவிட்டன. கட்டிலில் இருந்த துணியையும் எடுத்துவிட்டேன். நீ வா. குடையைக் கையோடு கொண்டுவா, திருப்பித் தர வேண்டாம். எனக்குக் கண் முன்போல் இல்லை. அதைப் பிடித்து வந்தால் தெருமுனையிலேயே நீதான் என்று தெரிந்துவிடும்.