ஆரஞ்சு மரம் குடித்த ஒயின்

தெரியாத விஷயத்தில் திருதிருவென்று முழிப்பவன் எப்படியோ தப்பித்துவிடுவான். தெரிந்ததுபோல் காரியத்தில் இறங்குபவன்தான் மாட்டுவான். நான் இரண்டாவது ரகம்.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. ஏற்காட்டில் ஒரு லாட்ஜின் சாப்பாட்டு அறையில் தற்காலிக வேலை. பிரான்சிலிருந்து ஒரு வயதான தம்பதி வந்து பத்து நாள் தங்கினார்கள். "போறப்ப விசிட்டர்ஸ் புக்குல உன்னப் பத்தி நல்லதா எழுதிட்டாங்கன்னா பர்மனென்ட் பண்றேன்" என்றார் மேனேஜர். சேலத்தில் அப்பாவிடம் ஏற்கனவே பர்மனென்ட் என்று சொல்லியிருந்தேன். (பொய்யில்லை, கொஞ்சம் முன்கூட்டிச் சொன்ன உண்மை.)

கிளம்பும் நாள் அவர்களுக்குத் திருமண நாள். பெரியவர் பெட்டியிலிருந்து ஒரு குட்டை பாட்டிலை எடுத்தார். ஜுரா என்ற அவர்களுடைய சின்ன மலைப்பகுதியில் செய்யும் மஞ்சள் ஒயினாம். கொண்டுவந்தது அந்த ஒன்றுதான். கிரீமும் காளானும் போட்ட கோழி, பழைய சீஸ், வால்நட் இவற்றோடுதான் அதைக் குடிக்க வேண்டுமாம். அந்த அம்மாவே சமையலறைக்கு வந்து, ஒரு டம்ளர் ஒயின் ஊற்றிக் கோழியைச் சமைத்து மூடி வைத்தார். "பாட்டில் திறந்தே இருக்கட்டும், ஃபிரிட்ஜில் வைக்காதே" என்று என்னிடம் சொல்லிவிட்டு இருவரும் ஜீப்பில் சேர்வராயன் கோயிலுக்குப் போனார்கள்.

பதினோரு மணிக்குப் பாட்டிலை மோந்து பார்த்தேன். குப்பென்றது. ஈர மரப்பெட்டியும் புளித்த ஏதோவும் சேர்ந்த வாசம். திறந்து வைத்ததால் கெட்டுவிட்டதோ? சந்தையிலிருந்து அப்போதுதான் திரும்பிய சமையல்காரர் மாரிமுத்து அண்ணனிடம் ஓடினேன். எஸ்டேட்டில் காப்பிக்கொட்டை ஊறவைக்கும் தொட்டியைப் பதினைந்து வருஷம் பார்த்துக்கொண்டவர். ஊறியது போதுமா என்று மூக்காலேயே சொல்லிவிடுவார்.

"அட கண்ணு, இது தொட்டி முத்திப்போன வாசமாச்சே! நொம்ப லேட்டாயிருச்சு. கொட்டிப்போட்டுக் கழுவீரு."

"அவங்க கேட்டா என்னண்ணே பண்றது?"

"கெட்டதக் குடிச்சு வயித்தால போச்சுன்னா புக்குல என்னன்னு எழுதுவாங்க, சொல்லு?"

அந்தக் கேள்வியில் நான் விழுந்துவிட்டேன். பின்புறத்து ஆரஞ்சு மரத்தடியில் ஒயினைக் கவிழ்த்தேன். பாட்டிலைக் கழுவி, லாட்ஜில் கிடந்த சாதா வெள்ளை ஒயினை ஊற்றி, நிறத்துக்கு இரண்டு ஸ்பூன் டீ டிக்காஷன் கலந்தேன். (அப்போது என்னை நானே மெச்சிக்கொண்டேன்.)

மதியம் பெரியவர் கோழியை வாயில் வைத்துக் கண்ணை மூடினார். ஒயினைக் குடித்ததும் கண்ணைத் திறந்தார். மறுபடி கோழி, மறுபடி ஒயின். கிளாஸை மனைவியிடம் நீட்டினார். அவருக்கும் அதே முழி.

"ஒயின் கோழியில் இருக்கிறது. கிளாஸில் இல்லையே?" என்று பெரியவர் என்னிடம் கேட்டார்.

எனக்கும் ஒன்றும் புரியவில்லை. கெட்டுப்போன ஒயின் கோழியில் மட்டும் எப்படி மணக்கும்? குழப்பத்தில் எல்லாவற்றையும் உளறிக் கொட்டிவிட்டேன்.

பெரியவர் கோபப்படவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. ஒயின் குறையக் குறையப் பீப்பாயை நிரப்பாமல், மேலே பாலாடை போல ஒரு ஆடை படரவிட்டு, ஆறு வருஷத்துக்கு மேல் தொடாமல் வைப்பார்களாம். அந்த வாசத்துக்காகத்தான் அத்தனை பாடும் என்று பொறுமையாக விளக்கினார். நான் அதைத் தமிழில் சொன்னதும் மாரிமுத்து அண்ணன் ஆடிப்போனார்.

"ஏனுங்க, ஆறு வருசமா? எங்க தொட்டில ரெண்டு நாள் தாண்டுனாலே எஸ்டேட்டுல கணக்கெழுதுற ரைட்டரு எங்கள ஊட்டுக்கு அனுப்பிப்போடுவாருங்க!"

அந்த அம்மா சிரித்தார், சிரித்துக்கொண்டே கண்ணையும் துடைத்தார். எனக்கு வெட்கத்தில் அழுகை வந்துவிட்டது.

விசிட்டர்ஸ் புக்கில் எழுதியிருந்தது: "கோழி அற்புதம். ஒயினைப் பற்றி ஆரஞ்சு மரத்திடம் கேட்கவும்." மேனேஜர் நாலைந்து தடவை படித்தார். பாராட்டா, புகாரா என்று அவருக்குப் பிடிபடவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று பர்மனென்ட் செய்தார், ஆனால் ரிசப்ஷனில்.

இன்றும் எங்கள் வீட்டில் ஒரு சட்டம் உண்டு. மிஞ்சிய குழம்பை மோந்து நான் "கெட்டுப்போச்சு" என்றால் என் மனைவி சுடவைத்துப் பரிமாறுவாள். "நல்லாருக்கு" என்றால்தான் கொட்டுவாள். இத்தனை வருஷத்தில் யாருக்கும் வயிறு கெட்டதில்லை.