கிராவல் சாரும் தெற்கு ஸ்பெயினும்

ஆம்பூரில் தொடங்கி ஆற்காடு வரைக்கும் பாலாற்றின் இரு கரைகளிலும் பரந்து கிடக்கும் பூமி உண்மையில் தெற்கு ஸ்பெயின்தான் என்று மனப்பூர்வமாக நம்பிய மனிதர் உலகத்தில் ஒருவர்தான் இருந்திருக்க முடியும். அவர் எங்கள் ஷூ கம்பெனியில், தோல் வெட்டுவதற்கான அச்சுகள் தயாரிக்கும் பேட்டர்ன் பிரிவில், நான் வேலை பார்க்கும் ஏற்றுமதிப் பிரிவுக்கு இரண்டு அறை தள்ளி உட்கார்ந்திருந்தார். பெற்றோர் வைத்த பெயர் அவருடைய அடையாள அட்டையில் மட்டும் இருந்தது. மற்றபடி வாட்ச்மேன் முதல் முதலாளி வரை எல்லோருக்கும் அவர் கிராவல் சார்.

எங்களிடம் ஷூ வாங்கும் ஸ்பெயின் கம்பெனி ஒன்று, புது மாடல்களுக்குப் பேட்டர்ன் வெட்டும் முறையைக் கற்றுக்கொள்ள ஆள் அனுப்பச் சொன்னது. இவரை அனுப்பினார்கள். ஆம்பூர் பஜாருக்குக்கூட பைக்கில் போய் வரும் மனிதர். அங்கே மனுவேல் என்ற குவாலிட்டி இன்ஸ்பெக்டர் விடுமுறை நாட்களில் இவருக்கு ஒரு சைக்கிளைக் கொடுத்துத் தம்மோடு அழைத்துப் போயிருக்கிறார். தார்ச்சாலை கிடையாது, சரளைக்கல் பரப்பிய மண்பாதைகள். ஆலிவ் தோப்புகளின் நடுவே, தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டுச் சைக்கிளுக்கு விட்டுக்கொடுத்த பழைய ரயில் பாதைகளின் மேலே, குன்றின் உச்சியில் வெள்ளையடித்த கிராமங்களின் ஊடே, கோர்டோபாவின் ரோமானியப் பாலத்தைக் கடந்து, கிரனாடாவின் செங்கோட்டையான அல்ஹம்ப்ரா வரை. போனவர் வேறு, திரும்பி வந்தவர் வேறு.

ஊருக்கு வந்து அவர் பெட்டியைத் திறந்தபோது அதில் இரண்டு தடித்த டயர்களும் ஆட்டுக்கொம்பு போல வளைந்த ஒரு ஹேண்டில்பாரும் இருந்தன. “சென்ட் பாட்டில் வாங்கிட்டு வாங்கன்னு சொன்னேன்,” என்று அவருடைய மனைவி பின்னொரு நாள் என்னிடம் சொன்னார். “மோந்து பாரு, நல்லாத்தான் இருக்குன்னு டயர நீட்டறாரு மேடம்.”

அந்த டயர்களையும் ஹேண்டில்பாரையும் உள்ளூர் சைக்கிள் ஒன்றில் பொருத்தி, ‘கிராவல் பைக்கிங்’ என்று கேன்டீனில் அவர் விளக்க ஆரம்பித்த நாளில்தான் பெயர் பிறந்தது. எங்கள் பக்கத்தில் கிராவல் என்றால் ஒரே பொருள்தான். ஏரியிலும் குன்றிலும் வெட்டி, டிப்பர் லாரியில் ஏற்றி, சாலைக்கும் வீட்டு அஸ்திவாரத்துக்கும் கொட்டுகிற செம்மண். கட்டிங் பிரிவின் சூப்பர்வைசர் பொறுமையாகக் கடைசி வரை கேட்டுவிட்டு, ஒரே ஒரு சந்தேகம் எழுப்பினார்: “எல்லாம் சரி சார். சைக்கிள்ல எத்தினி கூடை ஏத்தலாம்?”

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. செய்தி ஊருக்குள் பரவி, லாரி வைத்திருக்கும் ஒரு பாய் இவருக்கு விடாமல் போன் செய்யத் தொடங்கினார். ஞாயிற்றுக்கிழமை தோறும் சைக்கிளில் சுற்றி நல்ல கிராவல் இருக்கும் இடமாகப் பார்த்து வைக்கும் மனிதர் என்று யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை என்பதுதான் சங்கடம்.

கிராவல் சாரின் ஆராய்ச்சி எளிமையானது. ஸ்பெயினில் உள்ள ஒவ்வொன்றும் நம்மிடமும் இருக்கிறது. கண்டுபிடிக்க வேண்டியது மட்டுமே பாக்கி. தென்னந்தோப்பு ஆலிவ் தோப்பு ஆயிற்று. ஏலகிரி, பனி மூடிய அவர்களுடைய மலைத்தொடர் ஆயிற்று. பனி மட்டும் குறைவு. அங்கே கன்னியாஸ்திரீ மடங்களில் செய்து விற்கும் இனிப்புக்கு நிகராக ஆற்காட்டு மக்கன்பேடா நின்றது. பாலாறு, கோர்டோபா வழியாக ஓடும் அவர்களுடைய பேராறு. அந்த ஆற்றில் தண்ணீர் ஓடுகிறதே என்று நான் நினைவூட்டினேன். “தண்ணி இன்னிக்கு வரும், நாளைக்குப் போகும் மேடம்,” என்றார். “அகலத்தப் பாருங்க.”

எனக்குச் சரித்திரம் படிக்கும் பழக்கம் உண்டு என்று தெரிந்ததும், வழியில் உள்ள பழைய இடங்களைப் பற்றிக் குறிப்பு எழுதித் தரும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. வேலூர்க் கோட்டைக்கும் அல்ஹம்ப்ராவுக்கும் கட்டடக்கலையிலும் காலத்திலும் உள்ள வேறுபாடுகளை ஒரு மதிய உணவு நேரம் முழுவதும் அவருக்கு விளக்கினேன். சோற்றைப் பிசைந்தபடி மரியாதையாகக் கேட்டார். முடிவில், “அங்க ராஜா போனதோட சரி மேடம். இங்க கோட்டைக்குள்ள கோயில் இருக்கு, மசூதி இருக்கு, சர்ச் இருக்கு, சாயங்காலமானா ஜனங்க வந்து வேர்க்கடலை துன்றாங்க. எது ஜாஸ்தி சொல்லுங்க,” என்றார். என் குறிப்பில் வேர்க்கடலையைச் சேர்த்துக்கொண்டேன்.

அவரோடு சைக்கிள் மிதிக்க மட்டும் யாரும் முன்வரவில்லை. அக்கவுண்ட்ஸ் பிரிவு நண்பர் ஒருவர் ஒரே ஒருமுறை போனார். பாலாற்று மணலில் சைக்கிள் தம்மீது ஏறிக்கொண்டு வந்ததாகத் திங்கட்கிழமை தெரிவித்தார். மறுமுறை அழைத்தபோது, தமக்கு மூட்டு, முதுகு, மனைவி மூன்றும் சரியில்லை என்றார்.

இந்த நிலையில்தான் மனுவேல் ஆம்பூர் வருகிறார் என்ற செய்தி வந்தது. அவர் ஆண்டுதோறும் வருகிறவர்தான். ஏற்றுமதிக்கு முன் ஷூக்களைச் சோதித்துத் தேறாதவற்றைத் தள்ளுவது அவர் வேலை. ஆனால் இந்தமுறை ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒழித்துக்கொண்டு, “உன்னுடைய தெற்கு ஸ்பெயினைக் காட்டு,” என்று எழுதியிருந்தார். கிராவல் சாருக்குத் தூக்கம் போயிற்று. ஒரு பேட்டர்னில் இடது காலை வெட்டிவிட்டு, வலது காலுக்குப் பதில் மறுபடியும் இடது காலையே வெட்டி வைத்தார்.

நான் விசாரித்தபோது சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுச் சொன்னார்: “அந்த மனுசன் லீவு நாளெல்லாம் எனக்காகச் செலவு பண்ணி, தன் ஊர விரிச்சுக் காமிச்சாரு மேடம். இங்க வந்து அவரு பார்க்கறது இன்னா? ஏர்போர்ட்டு, டோல்கேட்டு, ஓட்டல் ரூம்பு, நம்ம ரிஜெக்ட் டேபிள். இத்தினி வருஷமா வர்றாரு, நம்ம ஊர அவரு இன்னும் பார்க்கவே இல்ல. பார்த்துட்டு, ‘இதுக்கா இவ்ளோ சொன்ன’ன்னு மனசுல நெனச்சிட்டாருன்னா?”

அவர் கண்ணில் அன்று விளையாட்டு இல்லை. அதனால்தான், குடிதண்ணீரும் என் குறிப்புகளும் சுமந்து ஸ்கூட்டியில் பின்தொடர ஒப்புக்கொண்டேன்.

ஞாயிறு காலை வெளிச்சம் வரும்போதே கிளம்பினோம். ஆற்றங்கரை, தோப்புகள், பிறகு ஏரிக்கரைகள். மதியத்துக்குள் வேலூர்க் கோட்டை, மாலையில் ஆற்காட்டின் பழைய கோட்டை வாசலான டெல்லி கேட் என்பது திட்டம். சைக்கிள் போகும் பாதையில் ஸ்கூட்டி போக முடியாத இடங்களில் நான் ஊர்ச்சாலையைச் சுற்றிக்கொண்டு போய், குறித்த இடத்தில் காத்திருக்க வேண்டும். மூன்றாவது இடத்தில் காத்திருந்தேன். அவர்கள் வரவில்லை. கூச்சல் மட்டும் வந்தது. சத்தம் வந்த ஏரிக்கரைக்குப் போனேன்.

நடந்தது இதுதான். ஏரிக்கரையை ஒட்டிய குன்றின் அடிவாரப் பாதை அவ்வளவு அருமையாக இருந்திருக்கிறது. கிராவல் சார் உணர்ச்சிவசப்பட்டு இறங்கி, கை நிறையச் செம்மண்ணை அள்ளி, மனுவேலின் முகத்துக்கு நேரே நீட்டி, “கிராவல்! பெஸ்ட் கிராவல்!” என்று முழங்கியிருக்கிறார். அந்த ஊர்க்காரர்களோ, தங்கள் குன்றைத் திருட்டுத்தனமாக வெட்டி லாரியில் ஏற்றுகிறவர்களோடு மாதக்கணக்கில் மல்லுக்கு நின்று ஓய்ந்தவர்கள். இப்போது பட்டப்பகலில், வெள்ளைக்காரனையே கூட்டி வந்து சாம்பிள் காட்டுகிறான் ஒருவன்.

நான் போனபோது இருவரையும் வளைத்து நின்றார்கள். கழுத்தில் துண்டு போட்ட பெரியவர் ஒருவர் மனுவேலின் டி-ஷர்ட் காலரை விடாமல் பிடித்திருந்தார். இன்னொருவர் கிராவல் சாரின் போனை வாங்கி, “மேப்பே போட்டு வெச்சிருக்கான் பாரு. கோடு நம்ம ஏரிமேலதான் போவுது,” என்று எல்லோருக்கும் காட்டிக்கொண்டிருந்தார்.

“ஐயோ, நாங்க எடுக்கறவங்க இல்லீங்க,” என்றார் கிராவல் சார். “கிராவல் மேல ஓட்டறவங்க.”

“தெரியுமே,” என்றார் பெரியவர். “போன மாசம் நீ ஓட்டன டிப்பர இங்கதான மடக்கனோம்.”

நான் குறுக்கிட்டேன். இது மிதிவண்டியில் கிராமப்புறங்களையும் வரலாற்றுச் சின்னங்களையும் காணும் ஒரு பயணம் என்றும், கனிமங்களுக்கும் இதற்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை என்றும் நிதானமாக எடுத்துரைத்தேன். கூட்டம் அமைதியாயிற்று. பிறகு பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது: “ஆபீசரம்மா வேற கூட வந்துகீது. கையெழுத்து போட்டாச்சு போல.”

நிலைமை கைமீறுகிற நேரத்தில் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒரு பெண் வந்தார். அந்த ஊர் வார்டு மெம்பர், பெயர் சரோஜா. மனுவேலை மேலும் கீழும் பார்த்தார். சரோஜாவின் முகம் மாறியது.

“மாமா, காலர விடு. இவரு கிராவல் ஆளு இல்ல,” என்றார். “ரிஜெக்ட் ஆளு.”

சரோஜா எங்கள் கம்பெனியின் இரண்டாவது யூனிட்டில் தையல் பிரிவில் வேலை செய்பவர். அந்த வாரம் மனுவேல் அங்கே தையல் கோணல் என்று ஒரு லாட் முழுவதையும் தள்ளியிருந்தார். அந்த ஊர்ப் பெண்களில் பாதிப் பேர் பிரித்துத் தைக்க வேண்டியதாயிற்று. கூட்டத்திலிருந்த பெண்கள் இப்போது அவரைப் புதிய ஆர்வத்தோடு பார்த்தார்கள். அதுவரை கலங்காத மனுவேல் அந்தப் பார்வையில் ஒரு அடி பின்வாங்கினார்.

காலர் விடுபட்டது, போன் திரும்பி வந்தது, மோர் வந்தது. ஆனால் வெயில் ஏறிவிட்டது, பொழுது போய்விட்டது. கோட்டையும் டெல்லி கேட்டும் இனி நடக்காது. கிராவல் சார் கையிலிருந்த மண்ணை இன்னும் கீழே போடவில்லை. “அவ்ளோதான் மேடம்,” என்றார் என்னிடம் மெல்ல. “ஊரக் காமிக்கறேன்னு கூட்டியாந்து காலரப் புடிக்க வெச்சிட்டேன்.”

சரோஜா, நாங்கள் எதைப் பார்க்கக் கிளம்பினோம் என்று கேட்டார். பழைய காலத்து இடங்கள் என்றேன். “அதுக்கு எதுக்கு வேலூருக்குப் போற,” என்று சொல்லிக் குன்றின் பின்பக்கம் எங்களை அழைத்துப் போனார்.

அங்கே ஒரு வேப்பமரத்தடியில் ஆள் இடுப்பளவு உயரத்தில் ஒரு கல் நின்றது. மஞ்சளும் குங்குமமும் பூசி, வேடியப்பன் என்று கும்பிடுகிறார்கள். அருகே போய்ப் பார்த்தேன். ஒரு கையில் வில், மறு கையில் வாள், மார்பில் தைத்த அம்புகளோடு ஒரு மனிதன், காலடியில் மாடுகள், மேலே என்னால் படிக்க முடியாத பழைய எழுத்து. நடுகல். ஊர் மாடுகளை ஓட்டிப் போக வந்தவர்களைத் தடுத்து நின்று செத்தவனுக்கு ஊர் எடுத்த கல். அல்ஹம்ப்ரா கட்டப்படுவதற்கு வெகுகாலம் முன்பே நட்டிருக்க வேண்டும் என்று நான் சொன்னேன். இந்தக் கல்லும் குன்றோடு போய்விடும் என்றுதான் லாரிகளை மறித்ததாகச் சரோஜா சொன்னார்.

கிராவல் சார் கல்லைப் பார்த்தார். காலரைப் பிடித்த பெரியவரைப் பார்த்தார். பிறகு மனுவேல் பக்கம் திரும்பித் தம்முடைய ஆங்கிலத்தில் அத்தனை நூற்றாண்டுகளையும் மொழிபெயர்த்தார்:

“பிஃபோர், கௌ. நவ், கிராவல். சேம் பீப்பிள்.”

மனுவேல் ஹெல்மெட்டைக் கழற்றினார். பிறகு அவர் ஆங்கிலத்தில் சொன்னதை நான் ஊர்க்காரர்களுக்குத் தமிழில் சொன்னேன். தன் நாட்டில் ஒவ்வொரு கோட்டை வாசலிலும் டிக்கெட் கேட்பார்களாம். ஒரு பழைய கல்லுக்காகத் தன் காலரைப் பிடித்த ஊர் இதுதானாம். பெரியவர் வெட்கப்பட்டுத் துண்டை எடுத்து அந்தக் காலரைத் துடைத்துவிட்டார். அது இன்னும் அழுக்காயிற்று.

மதியம் சரோஜா வீட்டில் கேழ்வரகுக் களியும் கறிக்குழம்பும். களியை மெல்லக் கூடாது, விழுங்க வேண்டும் என்று ஊரே சேர்ந்து மனுவேலுக்குக் கற்பித்தது. அவர் மென்றார். பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி, “ரிஜெக்ட்,” என்றாள். அவ்வளவு பேரும் சிரித்தார்கள், அவரும்தான். கிராவல் சார் சாப்பிடாமல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், பிள்ளை தேர்வில் தேறிவிட்டான் என்று தெரிந்துகொண்ட தகப்பனைப் போல. திரும்பும் வழியில் எதற்கும் ஸ்பெயினிலிருந்து உவமை சொல்லவில்லை.

இந்த ஆண்டு அவர் ராணிப்பேட்டையில் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். பேட்டர்ன் அறையில் இப்போது வேலை ஒழுங்காக நடக்கிறது. இரண்டு காலும் சரியாக வெட்டுகிறார்கள். சென்ற ஞாயிறு காலை போன் வந்தது. “மேடம், இங்க ஆத்தோரமா ஒரு பாதை பார்த்தேன். ஒரு லாரி வர்ல. நீங்க வந்து பார்த்தா நல்லாருக்கும்.”

வாளியில் துணி ஊறிக்கொண்டிருந்தது. அடுப்பில் பருப்பு கொதித்துக்கொண்டிருந்தது. அடுப்பை அணைத்தேன். துணி கொஞ்சம் கூடுதலாக ஊறினால் ஒன்றும் ஆகிவிடாது என்று சொல்லிக்கொண்டு ஸ்கூட்டிச் சாவியை எடுத்தேன்.