தலைப்பு வைத்தியர்

தெருவுக்கு, ஒழுங்கைக்கு ஒரு தலைப்பு வைத்தியர் இல்லாமல் நமக்கு நோயும் பிடிப்பதில்லை, சுகமும் வருவதில்லை. இவருக்குப் பட்டம் கிடையாது, பெயர்ப்பலகை கிடையாது. கைத்தொலைபேசி உண்டு. எந்த ஆராய்ச்சிச் செய்தியிலும் தலைப்பை வாசிப்பார்; மனம் நல்லாயிருக்கும் நாளில் முதல் பந்தியையும் வாசிப்பார். மிச்சத்தைத் தானே நிரப்பிக்கொள்வார். உங்கள் ஒழுங்கையிலும் ஒருவர் இருப்பாரே?

எங்கள் கல்லடியில் அவர் பெயர் ஹோரேஸ். தொழில் தச்சு. பலகையை மூன்று தரம் அளக்காமல் வாளைத் தொடமாட்டார். அப்படிப்பட்ட மனிதர்தான் ஒரு வியாழக்கிழமை காலை, 'ஈரல் வைரசை மடக்கியது கீழ்க்காய்நெல்லி' என்ற தலைப்பைக் கண்டதும், மூக்குக்கண்ணாடியைக்கூடத் தேடாமல் வளவுக்குள் இறங்கி, ஒரு கூடை பிடுங்கி, கழுவி, இடித்து, பிழிந்து, மோரில் கலக்கி, வேலிக்கு மேலால் கிண்ணத்தை நீட்டிக்கொண்டு நின்றார்.

வேலிக்கு அந்தப் பக்கம் பிலிப்பு. வாவியில் வலை வீசுகிறவன். இரத்ததானம் செய்யப் போன இடத்தில் ஹெபடைடிஸ் பி பிடிபட்டு, ஈரல் கெடத் தொடங்கிவிட்டது, மாத்திரை தொடங்க வா என்று கிளினிக்கில் குறித்துக் கொடுத்த நாள் அன்றைக்குத்தான். நாளுக்கு ஒன்று, ஆண்டுக்கணக்கில். அந்த ஆண்டுக்கணக்குத்தான் அவனுக்குப் பயம்.

"நான் சொல்லல்ல மனே, விஞ்ஞானி சொல்றான்," என்றார் ஹோரேஸ். "மூணு கிழமை இதக் குடி. மறுகா கிளினிக்குக்குப் போகலாம்."

மூன்று வாரம் எங்கே, ஆண்டுக்கணக்கு எங்கே! பிலிப்பு கிண்ணத்தை வாங்கி மணந்து பார்த்தான். அஞ்சலா சாரி உடுத்து, கிளினிக் கொப்பியோடு புருசனுக்குப் பின்னால் வந்து நின்றாள்.

"அங்கிள், அந்தச் செய்திய முழுக்க வாசிங்களன்."

"முழுக்க என்னத்துக்கு கா?"

"எங்கட வாசல் கதவு செய்யக்குள்ள மேல்பக்கத்த மட்டுமா அளந்தீங்க?"

அது சுட்டது. ஹோரேஸ் கண்ணாடியை எடுத்துவந்து மாட்டினார். வாழ்க்கையில் முதன்முறையாக இரண்டாம் பந்திக்குள் போனார். போகப்போகக் குரல் இறங்கியது: இலையிலிருந்து பிரித்தெடுத்த ஒரு சேர்மம்... சோதனைக் குழாயில்... மனிதரில் இன்னும் நிரூபிக்கப்படவில்லை... இதை நம்பி மருந்தை விடக்கூடாது.

"அப்ப குழாய்க்குத்தான் சுகமாகியிரிக்கு," என்று புருசன் கையிலிருந்த கிண்ணத்தை வாங்கித் திருப்பி நீட்டினாள் அஞ்சலா. "இவரு குழாய் இல்லயே."

ஹோரேஸ் தோற்றார் என்று நினைக்கிறீர்களா? இந்த இனம் தோற்பதில்லை, கட்சி மாறும். பாலம் கடக்கும் பஸ்ஸில் அவர்களோடு தானும் ஏறி, கிளினிக் வாங்குப் பலகையில் இரு பக்கமும் இருந்தவர்களுக்கு, "தலைப்ப மட்டும் வாசிச்சு ஏமாறாதீங்க" என்று மதியம்வரை விளக்கம் கொடுத்தார்.

எட்டு மாதத்தில் பிலிப்புவின் இரத்தத்தில் வைரஸ் நன்றாகக் குறைந்துவிட்டது. மாத்திரையை மட்டும் விடாதே என்றார்கள். அஞ்சலா மாதாவுக்கு மெழுகுதிரி ஏற்றினாள். ஹோரேஸ் ஒழுங்கை முழுக்கச் சொல்லித் திரிந்தார்: "அண்டைக்கு என்ட கிண்ணத்த மணந்து பார்த்தவன்தானே. அந்த மணத்துட வேகம்."

நீங்கள் அப்படியானவர் இல்லைத்தான். ஆனால் மேலே கீழ்க்காய்நெல்லி என்ற சொல்லைக் கண்டதும், ஈரல் வருத்தக்காரர் யாருக்காவது இதை அனுப்பிவிட்டுத்தானே மிச்சத்தை வாசிக்க வந்தீர்கள்? பரவாயில்லை. அவருடைய கிளினிக் நாள் எப்போதென்று கேட்டு, அதையும் ஒருக்கா நினைவூட்டிவிடுங்கள். அவர் இந்தக் கடைசிப் பந்திவரை வரமாட்டார்.