வெண்ணெய் வைத்த புட்டி

இந்த வருஷம் உருளைக்கிழங்கு தோண்டுவதில்லை என்று கல்தேன் ஷெர்பா சபதம் எடுத்துக்கொண்டான்.

வெளிநாட்டுக்காரர்களை மலைக்குக் கூட்டிப் போகும் வழிகாட்டி அவன். பாறையில் தொங்குவான், பனியில் படி வெட்டுவான், மூச்சுக்காற்றே இல்லாத கணவாயில் நின்று பாட்டுப் பாடுவான். மனைவி யாங்ஜினின் வயலில் குனிந்தால் மட்டும் அவனுக்கு மூச்சு முட்டும். அதனால் சரியாக அறுவடைச் சமயம் பார்த்து, இருப்பதிலேயே கடினமான பாதையில் ஒரு ஜெர்மன் கும்பலை அழைத்துப் போக ஒப்புக்கொண்டான். வழியில் உள்ள ஊர்களில் ஓய்வு நாட்களைத் தாராளமாக வைத்தான். உயரத்துக்கு உடம்பு பழக வேண்டுமாம். அவன் பிறந்ததே அந்த உயரத்தில்தான்.

புறப்படும் காலையில் யாங்ஜின் சாங் புட்டியோடு வந்தாள். வீட்டில் வடித்த கள். புட்டியின் விளிம்பில் ஒரு பொட்டு வெண்ணெய்.

கல்தேனுக்குப் பகீரென்றது. வெண்ணெய் வைத்த புட்டி வந்தால் பின்னாலேயே ஒரு வேண்டுகோள் வரும். ஊற்றியதைக் குடித்தவன் கேட்டதைச் செய்தே ஆக வேண்டும். குடித்துவிட்டு முடியாது என்பவனுக்கு அந்த மலையில் யாரும் பெண் கொடுக்க மாட்டார்கள். கொடுத்திருந்தால் திருப்பிக் கேட்பார்கள்.

"ஒரு வாய் குடிச்சிட்டுப் போங்க."

"ஐயோ, மலையேறும்போது தொடவே கூடாது. மண்டை வலிக்கும்."

"போன தடவ குடிச்சிட்டுத்தானே ஏறுனீங்க?"

"அதான் வலிச்சுது! இது என்ன சாதாரணப் பாதையா, யாங்ஜின்? உசிரோட திரும்புனாத்தான் உண்டு. எல்லாம் உனக்காகத்தான்."

"அப்ப கிழங்கு?"

"அது எங்க ஓடிடப்போவுது? மண்ணுக்குள்ளதானே இருக்கு."

யாங்ஜின் சிரித்தாள். "சரி, பத்திரமா போயிட்டு வாங்க" என்றாள். அவள் சண்டை போடாமல் விட்டால் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். சந்தோஷத்தில் கல்தேனுக்கு அது உறைக்கவில்லை.

முதல் ஓய்வு ஊரில் கொழுந்தியாள் டோமாவின் விடுதி. அடுப்படியில் உட்கார்ந்தவனுக்கு டோமா உள்ளிருந்தே கோப்பையை நிரப்பிக்கொண்டு வந்தாள். அங்கே விருந்தாளி மூன்று கோப்பை வரை வேண்டாம் என்று சொல்லக் கூடாது. கல்தேனும் சொல்லவில்லை. மூன்றாவது இறங்கியதும் அவள் புட்டியை எடுத்து வந்து முன்னால் வைத்தாள். விளிம்பில் வெண்ணெய்.

"அடிப்பாவி! இத மொதல்லயே காட்டக் கூடாதா?"

"குடிச்ச அப்புறம் காட்டுன்னு அக்கா போன்ல சொல்லிச்சு மச்சான். பின்னாடி கொஞ்சம் கிழங்கு கெடக்கு..."

மறுநாள் அவன் களைக்கொத்தும் கையுமாகக் குனிந்து நிற்பதைப் பார்த்து ஜெர்மன்காரி ஊர்சுலா ஓடி வந்தாள்.

"என்ன கல்தேன், இன்னிக்கு ஓய்வுன்னு சொன்னீங்களே?"

வழிகாட்டி மானத்தை விடலாமா? "உயரத்துக்கு உடம்பைப் பழக்குறேன். ரொம்பப் பழைய முறை" என்றான்.

கும்பல் மொத்தமும் ஆளுக்கொரு கொத்தோடு வயலில் இறங்கிவிட்டது. கல்தேனுக்கு உயிர் வந்தது. ஆனால் அவர்கள் கொத்திய வேகத்தில் பாதிக் கிழங்கு இரண்டாகப் பிளந்தது. டோமா கத்திக்கொண்டே வந்து அத்தனை பேரையும் விரட்டிவிட்டாள். கல்தேனைத் தவிர.

கணவாயில் பனிக்காற்று ஆளைத் தூக்கிப் போட்டது. ஊர்சுலா அழுதாள். கல்தேன் மட்டும் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றான். கண்ணுக்கு எட்டிய தூரம்வரை ஒரு உருளைக்கிழங்கு இல்லை. அவன் வாழ்க்கையிலேயே அவ்வளவு நிம்மதியாக இருந்ததில்லை.

கணவாய்க்கு அந்தப் பக்கம் யாங்ஜினின் அத்தை ஃபூட்டியின் வீடு. வாசலிலேயே கல்தேன் கையெடுத்துக் கும்பிட்டான்.

"அத்தை, சாங் வேணாம். வயிறு சரியில்ல."

"அதுக்கென்ன மாப்பிள்ள, சூடா கஞ்சி குடிங்க."

குளிருக்கு இதமாக இருந்தது. வழித்துக் குடித்தான்.

"நல்லாருக்கா? சாங்லதான் காய்ச்சுனேன். மேல மெதந்தது வெண்ணெய். வாங்க, வயலக் காட்டுறேன்."

முதுகைப் பிடித்துக்கொண்டு ஊர் திரும்பியவன் தன் வயலைப் பார்த்து வாயைப் பிளந்தான். மண் முழுக்கப் புரண்டு கிடந்தது. வீட்டு ஓரமாகக் கிழங்கு குவிந்து கிடந்தது.

"யாரு தோண்டுனது?"

"டோமா வீட்டு ஆளுங்களும் அத்தை வீட்டு ஆளுங்களும். நீங்க அங்க செஞ்சீங்க, அவங்க இங்க வந்து செஞ்சாங்க."

"அப்ப வயல்ல ஒண்ணும் பாக்கி இல்லியே?"

"ஒரு கெழங்கு கெடையாது. உக்காருங்க, எவ்வளவு களைச்சுப் போயிருக்கீங்க!"

புட்டியின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு யாங்ஜின் பக்கத்தில் வந்தாள். அடிபட்ட கல்தேன் இப்போது பழைய கல்தேன் இல்லை. குனிந்து பார்த்தான், நிமிர்ந்து பார்த்தான், விளக்கைக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தான். வெண்ணெய் இல்லை. மனைவிமேல் அவனுக்குப் பாசம் பொங்கியது. பாவம், தங்கமானவளைப் போய்ச் சந்தேகப்பட்டோமே! மூன்று கோப்பையும் ஒரு சொட்டு விடாமல் குடித்து, வாயைத் துடைத்துக்கொண்டான்.

யாங்ஜின் புட்டியின் விளிம்பில் அழுத்தி வைத்திருந்த கட்டைவிரலை எடுத்தாள். விரலடியில் வெண்ணெய் நசுங்கியிருந்தது.

"வெளிய கெடந்தா பனியில ஒறஞ்சு போயிடும், அதுக்குள்ள இவ்வளவு கெழங்கையும் திரும்பப் பொதைக்கணும்ல? ஆளு ஒசரத்துக்குக் குழி தோண்டுங்க."