முசேயின் நல்ல தண்ணீர்

துபாயில் வழி தெரியாதவர்கள் டாக்ஸிக்காரரைக் கேட்பார்கள், போலீஸைக் கேட்பார்கள். இருநூறு வருஷத்துக்கு முன் செத்துப்போன பிரெஞ்சுக்காரனைக் கேட்ட ஒரே மனிதர் எங்கள் முசேதான்.

காரைக்கால்காரர், டிராஃப்ட்ஸ்மேன். பிரெஞ்சு படித்தவர் என்பதால் அந்தப் பாஷையின் 'ஐயா'வான 'முசியே' என்று ஆரம்பித்து, ரூமில் தேய்ந்து முசே ஆனார். எழுபதுகளின் நடுவில் நாங்கள் மூவர் இருந்த அந்த ரூமில் ஆணி இறங்கும் சுவர் ஒன்றே ஒன்று. அதை அவருடைய படம் பிடித்துக்கொண்டது; இந்தப் பக்கத்துக் கரையை அந்தப் பிரெஞ்சுக்காரன் கப்பல்களுக்காக வரைந்த பழைய வரைபடம். மதுரை ராஜேந்திரனுக்கோ அங்கே முருகன் காலண்டர் மாட்ட வேண்டும்.

"செப்புத் தகட்டுல இடம் வலம் மாத்திச் செதுக்கி அச்சடிச்சதுடா. ஒரு தப்பு இருக்கா பாரு! நீ நேரா எழுதுற மளிகைச் சீட்டுலயே கத்தரிக்காய்க்குக் கால் இல்ல" என்றார் முசே.

"கரைக்கு உள்ளாற வெள்ளையா கெடக்கேண்ணே?"

"தெரியாததைப் போடல. அதான்டா யோக்கியம்."

புஜைராவுக்கு வடக்கே ஓரிடத்தில் பொடி எழுத்தில் 'நல்ல தண்ணீர்' என்று பிரெஞ்சில் செதுக்கியிருந்தது. கப்பல்காரர்கள் குடிநீர் பிடித்த இடமாம். இன்றைக்கும் இருக்கும் என்று முசே சாதித்தார்.

"இல்லேன்னா?"

"படத்தைக் கழட்டிர்றேன். உன் முருகனை மாட்டிக்க."

வெள்ளிக்கிழமை இரவல் பிக்கப்பில் கிளம்பினோம். படம் முசேயின் மடியில். அதில் கடலின் ஆழமெல்லாம் இருந்தது, ரோடுதான் இல்லை.

"கடல் இங்க ஏழு பாகம், ஏழு ஆள் ஆழம்!"

"நாம டயர்ல போறோம்ண்ணே!"

அந்த இடம் வந்தது. கூழாங்கல், வெயில், அவ்வளவுதான். போதாததற்கு ரேடியேட்டர் கொதித்தது.

"தண்ணி மாஃபி! கலாஸ்! இல்லவே இல்ல, முடிஞ்சுது!" என்று ராஜேந்திரன் ஸ்டியரிங்கில் தாளம் போட்டான். முசே துண்டை எடுத்துப் படத்தின் முகத்தை மூடினார். எனக்கு என்னவோ போலிருந்தது.

ரேடியேட்டருக்குத் தண்ணீர் தேடி நடந்தோம். பாறைக்குப் பின்னால் ஓலைக் கொட்டகை. மலையாளி ஒருவரின் டீக்கடை!

"தண்ணி கிடைக்குமா சேட்டா?"

"பின்னே! கிணறுண்டு. நல்ல வெள்ளமாணு."

ராஜேந்திரன் பதறி வானத்தைப் பார்த்தான். "வெள்ளமா? ஒரு மேகம்கூட இல்லையே!"

"மலையாளத்துல தண்ணியே வெள்ளம்தான்டா மடையா! நல்ல வெள்ளம், நல்ல தண்ணி! எழுதியிருக்கானே, அப்படியே எழுதியிருக்கானே!" முசே கடைக்காரரைக் கட்டிப்பிடித்துவிட்டார். அவர் பயந்துபோய் மூவருக்கும் டீ போட்டார்.

அன்று ரூமுக்கு வந்ததும் படத்தை மாட்டியது ராஜேந்திரன்தான். முருகன் கதவுக்குப் போனார்.

சில வருஷம் கழித்து முசே படத்தோடு ஊருக்கே போய்விட்டார். சுவர் காலியாகத்தான் இருந்தது. ராஜேந்திரன் முருகனைக் கடைசி வரை கதவிலேயே வைத்திருந்தான்.