வாயுச்சாமியின் இரண்டு ஃபேன்கள்

சித்திரை வெக்கையில் கொட்டாஞ்சேனை முழுவதும் வெந்துகொண்டிருக்க, வாயுச்சாமியின் மண்டபத்தில் மட்டும் புயலடித்தது. காலை ஆறு மணிக்கே வரிசை தெருமுனையைத் தாண்டிவிடும். வெள்ளவத்தையிலிருந்து ஓட்டோ பிடித்து வந்தவர்களும் உண்டு.

மேடையில் ஒரே பச்சை நிறத்தில் இரண்டு மேசை ஃபேன்கள். ஒன்றில் மட்டும் சாமி மந்திரித்த செப்புத்தகடு. தகடு கட்டாதது கொட்டாவி விட்டது. தகடு கட்டியது முன்வரிசைக்காரர்களின் திருநீற்றை அவர்கள் கண்ணுக்குள்ளேயே ஊதியது. கண்ணெரிச்சலையும் அருள் என்றே எடுத்துக்கொண்டார்கள்.

"ஃபேனில குறையில்லை. அதில குடியிருக்கிற வாயுவுக்குத்தான் கண்ணூறு," என்றார் சாமி. "தகட்டைக் கட்டுங்கோ. ஜன்னலெல்லாம் சாத்துங்கோ. இல்லாட்டி பிடிச்ச வாயு ஓடிப்போயிடும்."

வெள்ளவத்தை கனகேஸ்வரி தகடு வாங்கிப்போய்க் கட்டினார். ஜன்னல்களைச் சாத்தினார். அவர் ஓய்வுபெற்ற ஆசிரியை. படிப்பித்த பாடம் பௌதிகம்.

கணவர் இராசரத்தினத்துக்கு ஆஸ்துமா. "கனகம், மூச்சு முட்டுது. ஒரு ஜன்னலையாவது திற."

"கொஞ்சம் பொறுங்கோ. வாயு இப்பதான் தங்கத் தொடங்குது."

மூன்றாம் நாள் மத்தியானம் இராசரத்தினம் கதிரையிலிருந்து சரிந்து விழுந்தார். களுபோவில ஆஸ்பத்திரியில்தான் கண் திறந்தார். பக்கத்தில் கனகேஸ்வரி, தகட்டைத் தலைகீழாகக் கட்டிவிட்டேனோ என்று அழுதுகொண்டிருந்தார்.

பார்க்க வந்த கீழ்வீட்டு புளோறன்ஸ் அதைக் கேட்டார். தெமட்டகொடையில் எரிந்த மோட்டார்களுக்குப் புதிதாகக் கம்பி சுற்றிக்கொடுப்பவர் அவர்.

"வாங்க டீச்சர். சாமிக்கிட்டயே கேட்டுருவோம்."

அடுத்த நாள் மண்டபத்தில் புளோறன்ஸ் எழுந்தார். "சாமி, தகட்டைக் கழற்றி மற்ற ஃபேன்ல கட்டுங்க, பார்ப்போம்."

"அது தோஷமுள்ள ஃபேன்."

"தோஷத்துக்குத்தானே தகடு?"

கூட்டம் யோசித்தது. பழக்கமில்லாததால் கொஞ்சம் நேரமெடுத்தது. அதற்குள் கனகேஸ்வரியே மேடையேறித் தகட்டை மாற்றிக் கட்டினார். தகடு இடம் மாறியது. காற்று மாறவில்லை. வெறும் ஃபேன் புயலடித்தது. தகடு கட்டியது கொட்டாவி விட்டது.

புளோறன்ஸ் இரண்டின் கம்பிக்கூட்டையும் கழற்றினார். "இதில இதழ் அகலம், நல்ல சாய்வு. காத்தை அள்ளித் தள்ளும். அதில தட்டை இதழ். சுத்தும், தள்ளாது."

"அப்ப இதழை மட்டும் மாத்தினா சரிதானே?" என்றார் ஒருவர்.

புளோறன்ஸ் மாற்றிக் காட்டினார். அகல இதழை மாட்டியதும் கொட்டாவி ஃபேன் முனகியது, மெதுவாகச் சுழன்றது, கருகல் வாசனை வந்தது. "சாய்ஞ்ச இதழ் நிறையக் காத்தைத் தள்ளணும். அந்தப் பாரத்தை இழுக்க மோட்டாருக்குப் பலம் வேணும். இதுல கம்பி மெல்லிசு. சாமி ரெண்டையும் பார்த்துத்தான் வாங்கியிருக்கார்."

"இதை நான் இருபது வருஷம் கரும்பலகையில எழுதினனான்," என்றார் கனகேஸ்வரி, மெல்ல.

எல்லோரும் திரும்பிப் பார்த்தபோது சாமியின் ஆசனம் காலி. பின்கதவு ஆடிக்கொண்டிருந்தது. கனகேஸ்வரி ஜன்னல்களைத் திறக்க வீட்டுக்கு ஓடினார்.

கூட்டம் கலையவில்லை. ஒருவர் புளோறன்ஸின் முன் வந்து பக்தியோடு கைகூப்பினார். "அம்மா, எங்கட வீட்டு ஃபேனையும் ஒருக்கா தொட்டுவிடுங்கோ."

"கும்பிடுற கையைப் பிரிச்சு, ஃபேன் இதழ்ல இருக்கிற தூசியைத் துடைங்க," என்றார் புளோறன்ஸ். "பிறகும் காத்து வராட்டி, சாமி தேடாம, ஏன் வரல்லன்னு யோசிங்க."